நாற்பத்தேழு ஹெர்ட்ஸ்

லோரோங் கூலிட் சந்தையில்
கைப்பிடி போன இஸ்திரிப் பெட்டிக்கும்
யாருடையதோ பல்செட்டுக்கும் நடுவே
கிடந்தது அந்தக் கேசட்.
இரண்டு வெள்ளி கேட்டான். கொடுத்தேன்.
உறையில் ஒரு சினிமா நாயகியின் பாதி முகம்.
அழியக் கூடாதென்று உடைத்துவிட்ட துளையை
செலோடேப் ஒட்டி அடைத்து
யாரோ அழித்திருந்தார்கள்.
முதுகில் பென்சிலால்: அ.சூ. 84.

பாட்டு இருக்குமென்று போட்டேன்.
பாட்டு இல்லை.
ஈயம் பற்றும்போது எழுமே, அந்தச் சீறல்.
அதன் அடியில் ஒற்றைச் சுரம்,
தரையில் விழுந்த எவர்சில்வர் மூடி
அடங்க மறுத்துச் சுழல்வது போல
ஒன்பது நிமிடம்.
பிறகு தகரக் கூரையில் மழை, அல்லது
தட்டில் கொட்டிய திருகாணிகள்.
இன்றுவரை முடிவுக்கு வர முடியவில்லை.
கடைசியில் ஒரு பெண் இருமுகிறாள்.
கிளிக்.
அழிக்க விட்டுப்போன பழைய பாட்டு நான்கே நொடி,
கதவு திறந்து மூடிய கல்யாண வீடு.

மூன்று வருடம் கேட்டேன்,
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பதினோராம் தளத்தில்,
லிப்ட் பழுதான இரவுகளில் மூச்சிரைக்க ஏறி வந்து
சட்டை கூட மாற்றாமல்.
"ஃபிரிட்ஜா சத்தம் போடுது?" என்பாள் மனைவி.
ஒசாகாவில் ஒருவர், ஈப்போவில் ஒரு பல் மருத்துவர்,
நான்.
உலகத்தில் இதற்கு மூன்று ரசிகர்கள்.
நோயாளி வாயைத் திறந்திருக்கும்போது போடுவாராம் மருத்துவர்.
ஒருவர்கூட எழுந்து ஓடியதில்லை என்றார்,
பெருமையாகவே.

அவர்தான் கண்டுபிடித்தார்:
எல்லாச் சத்தத்துக்கும் கீழே மின்சாரம் முனகுகிறது.
நம் ஊர் மின்சாரம் ஐம்பதில் முனகும்.
இதில் நாற்பத்தேழு.
ஆக, இத்தனை நாள் கேட்டது நிஜத்தைவிட மெதுவானது.

திருத்தினேன்.
ஒன்பது நிமிடம்
எட்டு நிமிடம் இருபத்தேழு நொடியானது.
சரியான வேகத்தில் அந்தச் சுரம்
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட விருந்தாளி.
எனக்குப் பிடிக்கவில்லை.
மூன்று வருடம் நான் உருகியது
ஒரு ரப்பர் பெல்ட்டின் தளர்ச்சிக்கு.

அ.சூ.வைத் தேடியது தனிக் கதை.
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
மாதா கோவில் பதிவேடு,
தப்பான ஓர் அந்தோணியம்மாள், பிறகுதான் அமலோற்பவம்.
சூசையின் மகள்.
பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.
கழித்துப் போட்ட சிப்புகளைச்
சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில் கடத்தி வந்து
விடுதி அறையில் ஒன்றோடொன்று பற்றவைத்துக்
கத்தவிட்டவர்.
இப்போது பிறையில். மூட்டுவலி. இரண்டு பூனை.

"அதுவா," என்றார்.
"அது ஒண்ணும் இல்லலா தம்பி.
ரிக்கார்டர் வேலை செய்யுதான்னு பாத்தேன்.
நல்லதெல்லாம் வேற டேப்புல இருந்துச்சு.
வெள்ளத்துல போச்சு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.
ஒன்பது நிமிடமும் முகம் அசையவில்லை.
கட்டைவிரல் நகத்தில் எதையோ
சுரண்டிக்கொண்டிருந்தார்.
பூனை ஒயரோடு விளையாடியது.
இருமல் வந்தது.
நிமிர்ந்தார்.
"சியூ பெங்."
கொஞ்சம் பொறுத்து, "மேல் கட்டில்."
"திருப்பு."
திருப்பினேன்.
"அவ்வளவு பின்னால வேணாம். இருமல் மட்டும்."
நான்கு முறை.
ஐந்தாம் முறை தானும் லேசாக இருமினார்,
பதில் போல,
அல்லது தூசுதானோ என்னவோ.

எந்த வேகத்தில் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை.

என் கணினியில்
இரைச்சலெல்லாம் வடித்த சுத்தப் பிரதி ஒன்று உண்டு.
ஈப்போவில் ஓடுவது அதுதான்.
அதில் இருமல் இல்லை.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.